ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அள்ளிய அமெரிக்கா

போர்ட் பிளேர் சாத்தம் ஜெட்டியில் பம்பூஃப்ளாட் படகுக்காக நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் குடை. இன்னொரு கையில், தோழி வீட்டுக் காதுகுத்துக்கு வாங்கிய எவர்சில்வர் குடம். மழை விட்டு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. மரமில் பக்கமிருந்து நனைந்த படாக் மரத்தூள் வாசனை அடித்தது. படகு வந்து கரையை ஒட்டும் நேரம் பார்த்து போன் அடித்தது.

என் ஆய்வு வழிகாட்டி. மெயின்லேண்டிலிருந்து.

"என்னம்மா செஞ்சு தொலைச்சே?"

"எதை சார்?"

"யுனிவர்சிட்டி முழுக்க டேட்டாபேஸை மூடிட்டான். ஒருத்தரும் உள்ள போக முடியல. உன் லாகின் ஐடி வழியாத்தானாம். அந்தக் கம்பெனிக்காரன் மெயில் போட்டுக் கேக்கறான், இது மனுஷங்க செஞ்ச வேலையா, மெஷின் செஞ்ச வேலையான்னு."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று, "மனுஷங்கதான் சார். நானும் எங்க வீட்டுக்காரரும்" என்றேன்.

சார் போனை வைத்துவிட்டார். பின்னால் நின்ற ஒரு வங்காளத்துக்காரர், "தீதி, சலியே சலியே" என்று அவசரப்படுத்தினார். நான் நகரவில்லை. என்னைச் சுற்றிக்கொண்டு எல்லோரும் ஏறினார்கள். படகு போய்விட்டது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் ஜெட்டியிலேயே நின்றேன்.

உனக்கு எதுக்கு அமெரிக்கா?

இந்தத் தொடரில் போகிற போக்கில் என் ஆராய்ச்சியைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு, போர்ட் பிளேரில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு அமெரிக்க வரலாறு எதற்கு அம்மா என்று சில வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். எனக்கே பல நாள் அந்தச் சந்தேகம் உண்டு.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிற தற்காலிக ஆசிரியை. வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். நிரந்தர வேலைக்கு நேர்முகத்துக்குப் போக வேண்டுமென்றால் முனைவர் பட்டம் வேண்டும். மெயின்லேண்ட் பல்கலைக்கழகத்தில் அந்த வருஷம் ஒரே ஒரு பேராசிரியரிடம்தான் இடம் காலியாக இருந்தது. அவருடைய துறை அமெரிக்க வரலாறு. அவ்வளவுதான். லட்சியமும் கிடையாது, கனவும் கிடையாது.

"அமெரிக்கச் சமவெளியில் குடியேறிய பெண்கள் ஊருக்கு எழுதிய கடிதங்கள்" என்று தலைப்பை அவரே கொடுத்தார். அரசாங்கம் வெறும் நிலத்தைக் கொடுத்து, இங்கே வந்து தங்கி உழுதால் உனக்கே சொந்தம் என்று சொன்ன காலம். குடும்பம் குடும்பமாகப் போனார்கள். படிக்கப் படிக்க, அட, இது நம்ம வீட்டுக் கதை மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது.

என் அம்மாவும் அப்பாவும் சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். "திரும்பிப் போங்கள்" என்று அங்கிருந்து கப்பலேற்றி, சுற்றிச் சுற்றிக் கடைசியில் கட்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் கொண்டுவந்து விட்டார்கள். நான் பிறந்தது கட்சாலில். சுனாமிக்குப் பிறகு அம்மாவை போர்ட் பிளேருக்கு அழைத்து வந்துவிட்டேன். அப்பா அதற்கு இரண்டு வருஷம் முன்பே தவறிவிட்டார்.

ஆய்வுக் குழுவில் வெளியூர்ப் பேராசிரியை ஒருவர் உண்டு. முதல் கூட்டத்திலேயே, "உங்க தீவைப் பத்தி எழுதலாமே, எதுக்கு அமெரிக்கா?" என்று கேட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "எங்க தீவுல எழுதி வச்சதெல்லாம் கடல்ல போயிடுச்சு மேடம்" என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து அவருக்கும் எனக்கும் ஆகாது.

டிராவல் செக்‌ஷன்

முதலில் ஊரில் உள்ள ஒரு நூலகத்துக்குப் போனேன். அமெரிக்க வரலாறு வேண்டும் என்றேன். கவுண்டரில் இருந்தவர் தெலுங்குக்காரர், எங்கள் தீவு வழக்கப்படி இந்தியில் பேசினார். "அமெரிக்கா? மேடம், டிராவல் செக்‌ஷன் மே தேக்கியே." சுற்றுலாப் புத்தகங்கள் இருக்கிற அலமாரியைக் காட்டினார். போய்ப் பார்த்தேன். சிங்கப்பூரும் சுவிட்சர்லாந்தும் இருந்தன. அமெரிக்காவை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள்.

பிறகு அந்தமான் முழுக்க அலைந்து, பழைய அமெரிக்க வரலாற்றுப் புத்தகங்கள் மூன்றைப் பிடித்தேன். பக்கங்கள் பூஞ்சை பிடித்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. வெயிலில் காயப்போட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்து, முதல் அத்தியாயத்தை எழுதி அனுப்பினேன். அந்தப் பெண்கள் எப்படி அழுதார்கள், எப்படி ஏழ்மையில் வாடினார்கள், பிறந்த ஊரை நினைத்து எப்படி ஏங்கினார்கள் என்று உருகி உருகி எழுதியிருந்தேன்.

சார் ஒரே வரியில் திருப்பி அனுப்பினார். "இதெல்லாம் அவங்களைப் பத்தி அடுத்தவன் சொன்னது. அவங்க சொன்னது எங்கே?"

எனக்குப் புரியவில்லை. புத்தகத்தில் அச்சடித்துப் போட்டிருக்கிறதே, இதற்கு மேல் என்ன வேண்டும்? மறுபடியும் கேட்டால் திட்டுவார் என்று கேட்கவில்லை. மூல ஆவணம், துணை ஆவணம் என்று அவர் அடிக்கடி சொல்லும் இரண்டு வார்த்தைகளை ஒரு காகிதத்தில் எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தேன். போகும்போதும் வரும்போதும் அதைப் பார்ப்பேன். பார்த்ததால் மட்டும் ஒன்றும் விளங்கவில்லை.

ஷெரில் அம்மாள்

விளங்க வைத்தவர் ஒரு அமெரிக்க நூலகர். அங்கே சில நூலகங்களின் இணையப் பக்கத்தில், நூலகரிடம் கேளுங்கள் என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் எழுதினால் உண்மையாகவே ஒரு மனுஷி பதில் சொல்வாள். நம் சாயங்காலம் அவர்களுக்குக் காலை. விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தால் சரியாக இருக்கும்.

"மதிப்பிற்குரிய அம்மையீர்" என்று தொடங்கி ஒரு பக்கத்துக்கு எழுதினேன். அவள் தன் பேர் ஷெரில் என்றும், அம்மையீர் வேண்டாம் என்றும் சொன்னாள். நான் விடவில்லை. ஷெரில் அம்மாள் என்றே கடைசிவரை கூப்பிட்டேன்.

"நீ என்ன வார்த்தை போட்டுத் தேடினாய்?" என்று கேட்டாள். பெண்கள், கடிதங்கள், அமெரிக்கா என்றேன். லட்சக்கணக்கில் வந்து விழுந்ததையும் சொன்னேன். அவள் சொன்ன வழி இதுதான். உனக்குப் பிடித்த ஒரே ஒரு நல்ல புத்தகத்தை நூலகப் பட்டியலில் எடு. அதற்குக் கீழே, இந்தப் புத்தகம் எதைப் பற்றியது என்று நூலகர்கள் தங்கள் பாஷையில் ஒரு தலைப்புக் கொடுத்திருப்பார்கள். அந்தத் தலைப்பை அழுத்து. அதே குடும்பத்தில் உள்ளதெல்லாம் வந்து நிற்கும்.

அழுத்தினேன். வந்து நின்றது. நான் குடியேறியவர்கள், குடியேறியவர்கள் என்று தேடியது முழுக்க வீண். பட்டியல் அவர்களை முன்னோடிகள் என்று வைத்திருந்தது. அட கடவுளே, இரண்டு வருஷம் தப்பான கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்தக் கடிதங்களையே பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்த ஒரு டேட்டாபேஸ் இருந்தது. காசு கட்டிய பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் திறக்கும். எங்கள் பல்கலைக்கழகம் அதை வாங்கியிருந்தது. ஆனால் அந்த மாசக் கடைசியோடு சந்தா முடிகிறது, மறுபடி வாங்குவார்களா என்று தெரியாது என்றார் சார். அதுதான் வினையாக வந்தது.

கப்பல் வந்தால் விடக்கூடாது

மெயின்லேண்டில் இருப்பவர்களுக்கு இது விளங்குவது கஷ்டம். தீவில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் ரத்தத்திலேயே ஊறியிருக்கும். கப்பல் வந்துவிட்டது என்று காதில் விழுந்தால், என்ன வந்திருக்கிறது என்று கேட்க மாட்டோம். பையை எடுத்துக்கொண்டு ஓடுவோம். வெங்காயம் இருந்தால் வெங்காயம், சோப்பு இருந்தால் சோப்பு. வேண்டுமா வேண்டாமா என்பது வீட்டுக்கு வந்த பிறகு யோசிக்கிற விஷயம். அடுத்த கப்பல் எப்போது என்று யாருக்குத் தெரியும்? கட்சாலில் கடல் கொந்தளித்தால் வாரக்கணக்கில் கப்பல் கிடையாது.

என் கணவர் சேவியர் கப்பல் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்க்கிறவர். தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம், பிறந்தது வளர்ந்தது இங்கே. கப்பல் ரத்து என்று அறிவித்துவிட்டு ஜனங்களிடம் திட்டு வாங்குவதே பிழைப்பு. அவரிடம் போய் சந்தா முடியப்போகிற கதையைச் சொன்னேன்.

"அப்ப என்னட்டி பாத்துக்கிட்டு இருக்க? பூரா எறக்கிரு" என்றார்.

"எல்லாத்தையுமா?"

"பின்ன? நாளைக்கு நெட் இருக்கும்னு எவன் கேரண்டி குடுத்தான்? கேபிள் அறுந்துச்சுன்னா கதம். இன்னைக்கு சன்டே, லைன் ஃப்ரீயா இருக்கும். உக்காரு."

இரண்டு லேப்டாப்பை டைனிங் டேபிளில் போட்டோம். மாதா கோயில் பூசைக்கு அவர் காலையிலேயே போய் வந்துவிட்டார். நான் சோறு மட்டும் வடித்தேன், குழம்பு வைக்கவில்லை. ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம். எழுத்து வரிசையில் முதல் பாதி அவர், மீதி நான். கடிதம், நாட்குறிப்பு, சமையல் குறிப்பு, மாட்டுக்கு மருந்து, எது கண்ணில் பட்டாலும் அழுத்து. இருட்டுவதற்குள் ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது. "ஷாபாஷ்!" என்று சேவியர் என் முதுகில் தட்டினார். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட இல்லை.

மூன்று நாள் கழித்துத்தான் அந்த போன்.

எழுதிக் கொடுத்த விளக்கம்

ஜெட்டியிலிருந்து குடத்தோடு, டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தேன். பல்கலைக்கழக நூலகத் தலைவியின் மெயில் காத்திருந்தது. மொத்தமாக இறக்குவது ஒப்பந்தத்துக்கு விரோதம், எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும், இறக்கியதை அழிக்க வேண்டும், அதுவரை கதவு திறக்காது. இருபத்துச் சொச்சம் ஆராய்ச்சி மாணவர்கள் என்னால் வெளியே நிற்கிறார்கள்.

அதற்கு மேல் இன்னொன்று. அடுத்த வாரம் கழித்து வருகிற திங்கட்கிழமை என் ஆய்வுக் குழுக் கூட்டம். ஏற்கெனவே இரண்டு தடவை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. இந்த முறை மூல ஆவணங்களோடு அத்தியாயம் காட்டவில்லை என்றால் பதிவு ரத்து. ஏழு வருஷம் தண்ணீரில் போட்ட மாதிரி.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் செய்தது என்ன தப்பு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. கதவைத் திறந்து விட்டவர்கள் அவர்கள். சாவி கொடுத்தவர்கள் அவர்கள். படிக்கத்தானே வைத்திருக்கிறார்கள்? ஒன்று எடுத்தால் படிப்பு, நூறு எடுத்தால் திருட்டா? எந்த இடத்தில் கோடு போட்டிருக்கிறார்கள்?

"வைரஸ் வந்துருச்சுன்னு எழுது" என்றார் சேவியர். "எங்க ஆஃபீஸ்ல அப்படித்தான். சல்தா ஹை, ஓடிரும்."

"உங்க பேச்சைக் கேட்டுத்தான் இந்த கதி" என்று கத்திவிட்டேன். பாவம், மனுஷன் வாயை மூடிக்கொண்டு லேப்டாப்பைத் துடைக்கப் போய்விட்டார்.

கடைசியில் உள்ளது உள்ளபடி எழுதினேன். நான் தீவுக்காரி, கப்பல் வந்தால் அள்ளித்தான் பழக்கம், வேறு மாதிரி வாங்கத் தெரியாது, மெஷின் எதுவும் வைக்கவில்லை, என் கணவருடைய விரலும் என் விரலும்தான் என்று. ஆங்கிலத்தில் எழுதினால் அசட்டுத்தனமாகத் தெரிந்தது. ஆனாலும் அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாளில் பதில் வந்தது. கம்பெனி ஒத்துக்கொண்டதாம். பல்கலைக்கழகத்துக்குக் கதவு திறக்கும். நான் மட்டும் எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். அத்தியாயத்துக்குக் கட்டாயம் தேவைப்படுகிற பத்து ஆவணங்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம். எந்தப் பத்து என்று அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பட்டியல் கொடுக்க வேண்டும்.

பட்டியல் போட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. அத்தனை ஆயிரத்தில் நான் ஒன்றைக்கூடப் படிக்கவில்லை.

எலன் கேட்ட சாமான்

வெட்கமாக இருந்தது. மூட்டை மூட்டையாக வீட்டில் வைத்துக்கொண்டு, உள்ளே என்ன என்று தெரியாமல் இருந்திருக்கிறேன். கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்தேன். கையெழுத்து கோழி கிளறிய மாதிரி. ஒரு பக்கம் வாசிக்க அரை மணி.

அம்மா எதிரில் உட்கார்ந்து நெத்தலி ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு என் படிப்பைப் பற்றி எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. "நாலு நாளா அதையே பாக்குற. அப்பிடி என்னா புள்ள எழுதியிருக்கா?" என்றாள்.

சரி, யாரிடமாவது சொன்னால் எனக்காவது விளங்கும் என்று வாய்விட்டுத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். எலன் என்று ஒருத்தி. அக்காவுக்கு எழுதுகிறாள். புல்லும் வேருமாக மண்ணைக் கட்டியாக வெட்டி அடுக்கிக் கட்டின வீடு. கூரை ஒழுகுகிறது. ராத்திரியில் குளிர் தாங்கவில்லை, பிள்ளைகளை நடுவில் போட்டுக்கொண்டு படுக்கிறோம் என்கிறாள். அக்கா முந்தின கடிதத்தில், ஒரு பெட்டி அனுப்பப் போகிறேன், என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறாள் போலிருக்கிறது. அதற்கு இவள் கேட்டது பூ விதை. நம் வீட்டு வாசலில் இருந்ததே, அந்தப் பூச்செடியின் விதை கொஞ்சம் அனுப்பு என்று. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

"இதுதாம்மா எனக்கு மண்டைய ஒடைக்குது" என்றேன். "குளிர்ல சாகுறேன்னு அதே லெட்டர்ல எழுதுறா. கம்பளி கேக்கலாம்ல? பூ விதை எதுக்கு? இவ ஏழைன்னு நான் எழுதியிருக்கேன். ஏழை பூ விதையா கேப்பா?"

அம்மா தலை நிமிரவே இல்லை. நெத்தலித் தலையைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்.

"இதுல என்னா கொழப்பம்? வெத கேட்டா, அவ அங்கதான் இருக்கப் போறா. வெத போட்டு மொளைக்கிற வரைக்கும் இருக்கணும்தானே. திரும்பிப் போற ஆளு வெத கேக்க மாட்டா."

உடனே மற்றக் கடிதங்களைத் திறந்தேன். இப்போது என்ன தேடுவது என்று தெரிந்துவிட்டது. யார் என்ன கேட்டாள்? ஒருத்தி நாற்காலி கேட்டிருந்தாள். ஒருத்தி பிரயாணத்துக்குத் தோல் பெட்டி கேட்டிருந்தாள். அடுத்த வருஷம் அவள் கடிதம் பழைய ஊரிலிருந்து வந்திருந்தது. ஒருத்தி கொய்யாப் பதியன் மாதிரி ஏதோ ஒரு பழமரத்துக் குச்சி கேட்டிருந்தாள். எல்லோரும் அழுதார்கள் என்று நான் எழுதிய அத்தியாயம் சுத்தப் பொய். பாதிப் பேர் அழவே இல்லை.

வெள்ளிக்கிழமைக்குள் பத்தைப் பொறுக்கினேன். மீதியை அழித்தேன். சேவியர் பக்கத்தில் நின்று, "எல்லாம் போச்சாட்டி?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார். போச்சு என்றேன். எனக்கு ஆச்சரியமாக இருந்தது, அவ்வளவு வருத்தம் வரவில்லை.

குழு கேட்டது

திங்கட்கிழமை வீடியோ கூட்டம். திரையில் மூன்று சதுரம். சார், துறைத் தலைவர், அப்புறம் அந்த வெளியூர்ப் பேராசிரியை. என் அத்தியாயம் தப்பு, அதைத் திரும்பப் பெறுகிறேன் என்றுதான் தொடங்கினேன். சார் முகம் வெளுத்தது. பிறகு எலனின் கடிதத்தைக் காட்டினேன். விதை கேட்டவள் தங்குகிறவள் என்று சொன்னேன். பத்துக் கடிதத்திலும் அதைக் காட்டினேன்.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "நல்லா இருக்கு. இது யாரோட கருத்து? எந்தப் புத்தகம்?"

"புத்தகம் இல்ல மேடம். எங்கம்மா."

துறைத் தலைவர் சிரித்துவிட்டார். பேராசிரியை சிரிக்கவில்லை. "உங்கம்மாவுக்கு இது எப்படித் தெரியும்?"

எனக்கு வந்த ஆவேசத்தை என்னவென்று சொல்வேன்! கட்சாலைப் பற்றிச் சொன்னேன். ரப்பர் தோட்டக் குவார்ட்டர்ஸைச் சுற்றி எங்கள் வீட்டில் மட்டும் முருங்கை, மிளகாய், செம்பருத்தி, சிலோன் கீரை என்று காடு மாதிரி இருந்ததைச் சொன்னேன். "எங்கம்மாவே விதை கேட்டு எழுதினவங்க மேடம். தங்கணும்னு முடிவு பண்ணினவங்க. அதனாலதான் ஒரு பார்வையில புரிஞ்சுது" என்று அடித்துச் சொன்னேன்.

மூவரும் ஒலியை நிறுத்திவிட்டுத் தங்களுக்குள் போனில் ஏதோ பேசினார்கள். உதடுகள் அசைவதைப் பார்த்துக்கொண்டு பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருந்தேன். பிறகு பேராசிரியைதான் சொன்னார். பதிவு ரத்து இல்லை. ஆறு மாசம் நீட்டிப்பு. ஆனால் ஒரு நிபந்தனை. "உங்கம்மாவைப் பேட்டி எடுத்துப் பதிவு பண்ணுங்க. வார்த்தைக்கு வார்த்தை எழுதி இணைக்கணும். அவங்களும் உங்க ஆவணம்தான். நீங்க இப்ப சொன்னது அவங்க வாயால வரணும்."

பதிவு

அன்றைக்கே பேட்டி எடுத்துவிடலாம் என்று எனக்கு அவசரம். அம்மா லேசில் சம்மதிக்கவில்லை. "என்னைய எதுக்கு? நானா அமெரிக்காவுல இருந்தேன்?" என்றாள். கெஞ்சி, காபி போட்டுக் கொடுத்து, டிவி சீரியல் முடிகிற வரைக்கும் காத்திருந்து, போனில் பதிவை அழுத்தி அவள் முன்னால் வைத்தேன்.

பேர், பிறந்த தோட்டம், வந்த கப்பல் எல்லாம் கேட்டேன். சுருக்கமாகச் சொன்னாள். பிறகு எனக்கு வேண்டியதற்கு வந்தேன்.

"கட்சாலுக்கு வந்தப்பறம் சிலோன்ல இருந்த பெரியம்மாவுக்கு எழுதினீங்கல்ல. என்ன அனுப்பச் சொல்லிக் கேட்டீங்க?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள்.

"கம்பளி."

நான் சரியாகக் காதில் வாங்கவில்லை என்று நினைத்தேன். "என்னதும்மா?"

"கம்பளிதான். கொழுந்தெடுக்கப் போறப்ப மேல போட்டுக்குவோம்ல, அது. என்னோடத வர்றப்ப அக்காகிட்ட குடுத்துட்டு வந்துட்டேன்."

"கட்சால் வேக்காட்டுல கம்பளி எதுக்கும்மா?"

"அங்கிட்டுத் திரும்பிப் போறப்ப குளிரும்தானே" என்றாள். ஏதோ ஊரறிந்த விஷயத்தைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

போனில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மூன்று பேர் முன்னால் அடித்துப் பேசிவிட்டு வந்தது காதில் கேட்டது.

"அப்ப நம்ம வீட்டைச் சுத்தி இருந்த செடியெல்லாம்?"

"அதெல்லாம் ஒங்கப்பா வச்சது. நான் தண்ணி ஊத்துவேன்."

"சரி, கம்பளி வந்துச்சா?"

"வந்திச்சு. ட்ரங்குப் பொட்டியில வச்சிருந்தேன். வருசா வருசம் வெயில்ல போட்டு எடுத்து வப்பேன். சுனாமில போச்சு."

அப்படியென்றால் முப்பது வருஷம். நான் பிறந்து, பள்ளிக்கூடம் போய், கல்லூரி போய், கல்யாணம் கட்டிப் போன அந்த வருஷங்கள் முழுக்க அந்தப் பெட்டி தயாராக இருந்திருக்கிறது. நான் அதைப் பார்த்திருக்கிறேன். கம்பளியையும் பார்த்திருப்பேன். ஒரு தடவைகூட எதற்கு என்று கேட்டதில்லை.

"பெறகு எப்பம்மா விதை கேட்டு எழுதினீங்க?"

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். இவளுக்கு எத்தனை தடவைதான் சொல்வது என்கிற பார்வை.

"கேக்கவே இல்லியே" என்றாள்.